ஐஸ் அறையில் மெல்லுகிற சத்தம்

இப்போதெல்லாம் ஆட்களுக்கு வேலையைத் தவிர மற்ற எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பெட்டியைத் தூக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்கிறாள். பழியைத் தூக்கிப் போட எப்போதும் ஒரு ஆள் வேண்டும். மேஸ்திரி மேல் போடுவார்கள், முதலாளி மேல் போடுவார்கள், வெயில் மேல் போடுவார்கள். ஒருவரும் அகப்படாவிட்டால் பேய். மீன் கொட்டகையின் ஐஸ் அறையில் பேய் இருக்கிறது, தனியாக உள்ளே போக மாட்டோம் என்று சுமைக்காரர்கள் வந்து நின்றபோது கடப்பாரைக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கடப்பாரை என்பது கொட்டகை அவருக்கு வைத்த பெயர். ஐஸ் பாளங்களை உடைத்து, இறால் உரிக்கிற மேசைகளுக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. கையில் இருப்பதும் அதுதான், குணமும் அதுதான். எந்தப் பக்கமும் வளையாது. முகத்துக்கு நேரே எல்லாரும் "பெரியவரே" என்பார்கள்.

"பேயா? என்ன பண்ணுது அது?" என்றார்.

சுமைக்காரர்களில் உயரமானவன், நெட்டை என்று பெயர், குரலைத் தாழ்த்தினான். "மெல்லுது பெரியவரே."

"என்னத்த?"

"தெரியல. கறுக் கறுக்குன்னு. எலும்பைக் கடிக்கிற மாதிரி."

"நமக்கே இங்க ஒண்ணும் கிடைக்கல, பேய்க்கு எலும்பு கிடைக்குதா? எலியா இருக்கும்."

"அந்தக் குளிர்ல எலி எப்படி பெரியவரே இருக்கும்?"

"கம்பளி போத்திக்கிட்டு இருக்கும். போடா வேலையைப் பாரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும், சரி, ஒரு தடவை நாமே போய்ப் பார்த்து இவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று கடப்பாரை கிளம்பினார்.

ஐஸ் அறையின் கதவு ஒரு சாண் கனம். இழுத்துச் சாத்தினால் கொட்டகையின் இரைச்சல் முழுக்க வெளியே நின்றுவிடும். உள்ளே கம்பிக்கூட்டுக்குள் ஒரே ஒரு பல்பு, அதன் மேலும் உறைபனி படிந்து, வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். பாளங்கள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். முழங்கால் அளவுக்குப் பனிப்புகை. வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை.

நின்று கேட்டார். ஒன்றுமில்லை. திரும்பக் கதவில் கை வைத்தபோது கேட்டது.

கறுக். கறுக். ஒரு நிறுத்தம். பிறகு உருகியதை உறிஞ்சி விழுங்குகிற சின்னச் சத்தம்.

அவருக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்தன. பயத்தால் அல்ல. அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். அவர் வீட்டில், அவர் பக்கத்தில், இருட்டில் எத்தனையோ தடவை கேட்டுச் சலித்த சத்தம். அவர் பெண்டாட்டி அப்படித்தான் ஐஸ் தின்பாள். கடைவாயில் ஒதுக்கி, இரண்டு கடி கடித்து, நிறுத்தி, உறிஞ்சுவாள். இதே கொட்டகையில் இறால் உரித்தவள். வீட்டுக்கு வரும்போதும் தூக்குச்சட்டியில் ஐஸ் துண்டுகளை அள்ளிக்கொண்டு வருவாள். "என்னடி இது, மாடு வைக்கோல் மெல்லுற மாதிரி" என்று இவர் கத்தினால், "வாய் கேக்குதுங்க" என்பாள். வேறு பதில் கிடையாது.

நாளாக ஆக அவள் வெளுத்தாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கொட்டகையில் எல்லாப் பெண்களும் வெளுப்புத்தான். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் ஊறுகிற கை வெளுக்கத்தான் செய்யும், உதடு வெளுக்கத்தான் செய்யும். குளிரில் நிற்பவளுக்கு மூச்சு இரைக்கத்தான் செய்யும். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு நாள் காலையில் கூடையோடு சரிவுப்பாதையில் ஏறியவள் நடுவில் உட்கார்ந்தாள். இறக்கி வைத்த கூடை மேல் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஏன் நின்றது என்று கேட்டதற்கு அவரிடம் சரியான பதில் இல்லை. கடப்பாரையிடம் இருந்தது. ஐஸ் அவள் ரத்தத்தைக் குடித்துவிட்டது. அன்றிலிருந்து கொட்டகையில் அவர் கண்ணெதிரே எவளாவது ஐஸை வாயில் போட்டால் தொலைந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டுவார். மகளையோ கேட்கவே வேண்டாம். தவழ்கிற வயதிலேயே ஐஸை அவள் கண்ணில் காட்டாமல் வளர்த்தவர்.

கறுக். கறுக்.

பாளங்களுக்குப் பின்னால் புகைக்குள் வெள்ளையாக ஒரு உருவம் குந்தியிருந்தது. தலையில் வெள்ளைத் துணி. மெலிந்த முதுகு. கழுத்தைச் சாய்த்திருந்த விதம்கூட அதேதான். கடப்பாரையின் வாயிலிருந்து, பெண்டாட்டி போனதிலிருந்து எவரையும் கூப்பிடாத அந்தக் கூப்பாடு தானாக வந்தது.

"ஏ புள்ள."

உருவம் திரும்பியது. ஒரு கணம் அவளேதான். உதட்டில் ரத்தமே இல்லை. கன்னம் புடைத்திருந்தது. பிறகு அது வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா" என்றது.

அவர் மகள்.

அவளும் இங்கேதான் இறால் மேசையில் நிற்கிறாள். கொட்டகை கொடுத்த வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைத்துணி. வீட்டில் நடைபழகுகிற பிள்ளை ஒன்று, வயிற்றில் ஐந்து மாதம். புருஷன் படகில் போயிருக்கிறான். கரைக்கு வர நாளாகும்.

"துப்பு" என்றார்.

"அப்பா, மெதுவா..."

"துப்புன்னு சொன்னேன். உங்கம்மா எப்படிப் போனான்னு தெரியுமில்ல? தெரிஞ்சுமா?"

அவள் துப்பவில்லை. கடித்து விழுங்கினாள். "என்னால முடியலப்பா. வேணாம்னுதான் நினைக்கிறேன். வாய் கேக்குது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டார். பாளத்தில் முதுகு இடித்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு இந்தப் பேச்சை?"

"எந்தப் பேச்சை?"

"எழுந்து வெளிய போ. இனிமே இந்தக் கதவுப் பக்கம் வந்தே, காலை உடைச்சிடுவேன்."

அவள் பாளத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் உடனே நடக்கவில்லை. கண்ணை மூடி, உலகம் சுற்றி முடிக்கட்டும் என்று நின்றாள். அவர் அதைப் பார்க்காதது போல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஒரு பாளத்தைத் தாறுமாறாகக் குத்தினார்.

அந்த வாரமே கொட்டகை வாசலில் ஒரு மருத்துவ வண்டி வந்து நின்றது. வேலைக்காரப் பெண்களுக்கு ரத்தம் பார்க்கப் போகிறார்களாம். ஒரு நர்சம்மா, ஒரு மடக்கு மேசை, ஊசிப் பெட்டி. எவன் எதைச் சும்மா கொடுப்பான்? ரத்தத்தை எடுத்து எங்கேயாவது விற்கிறார்களோ என்னமோ என்று கடப்பாரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் வரிசையில் நின்று கேலி பேசிக்கொண்டார்கள். விரல்கள் விறைத்திருந்ததால் குத்தினாலும் சொட்டு வரவில்லை. நர்சம்மா வெந்நீர் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொருத்தி கையையும் முக்கிவைத்தாள்.

"எங்களைக் குத்தினா ஐஸ் தண்ணிதான் வரும் நர்சம்மா" என்றாள் வெங்கலம். அவள் பேசினால் கொட்டகையின் மறுகோடிக்குக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். "என் புருஷன்கூட இதையேதான் சொல்றாரு. கட்டிப் புடிச்சா காய்ச்சல் வருதாம்."

"காய்ச்சல் வந்தா லாபம்தானே, வேலைக்குப் போகாம இருக்கலாம்ல!" என்றாள் வரிசையில் ஒருத்தி.

மகளின் முறை வந்தபோது நர்சம்மா சிரிப்பை நிறுத்தினாள். கருவியைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தாள்.

"இவங்க வீட்டு ஆள் யாராவது இருக்காங்களா?"

கடப்பாரை முன்னால் வந்தார். "நான் அப்பன். என்னா?"

"பெரியவரே, உங்க மகளுக்கு இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிதான் இருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரில சேக்கணும். இப்படியே பிரசவம் வரைக்கும் விட்டா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது."

"ரத்தம் எங்க போச்சு? வெட்டா, குத்தா?"

"போகல, ஊறல. ரத்தம் ஊறணும்னா உடம்புல இரும்பு இருக்கணும். மாசாமாசம் கொஞ்சம் போகுது. முதல் புள்ளைக்குக் கொஞ்சம் குடுத்தாங்க. இப்ப ரெண்டாவது புள்ள எடுத்துக்குது. சாப்பாட்டுல அந்த அளவுக்குத் திரும்பி வரல."

"இரும்பா? அவ வயித்துல என்ன ரயிலா ஓடுது?"

வரிசையில் சிரிப்பு. நர்சம்மாவும் கோபப்படவில்லை. "ஐஸ் திங்கணும்னு தோணுதாம்மா? இல்ல சாம்பல், சுண்ணாம்பு, மண்ணு? இந்தக் குறை இருக்கிறவங்கள்ல பல பேருக்கு அப்படித் தோணும்." மகளிடம்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, பொதுவாக வரிசையைப் பார்த்து, "உங்கள்ல யாருக்கு?" என்றாள்.

ஒரு கையும் எழவில்லை. எல்லாக் கண்களும் கடப்பாரை மேல் போய் இறங்கின.

"நீங்க தலைகீழா சொல்றீங்க" என்றார் அவர். "ஐஸ் தின்னுதான் ரத்தம் போச்சு. என் பொண்டாட்டி கதையே அதுதான். கூட இருந்து பாத்தவன் நான். இங்க எல்லாருக்கும் கை வெளுப்பு, உதடு வெளுப்பு. ஐஸ் வேலை."

"சரி. கை ஐஸ்ல இருக்கு, வெளுத்துச்சு." நர்சம்மா மகளின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துக் காட்டினாள். "இங்க எந்த ஐஸ் போச்சு?"

கடப்பாரை குனிந்து பார்த்தார். உள்ளே வேகவைத்த கணவாய் மீன் போல வெள்ளை.

"இப்ப உங்க கண்ணு." அவர் விலகுவதற்குள் அவருடைய இமையை இழுத்துவிட்டாள். "நல்ல செவப்பு. இவங்களைவிட அதிக வருஷம் நீங்க ஐஸ்ல கிடக்குறீங்க."

"நான் ஆம்பளை."

"அதத்தானே பெரியவரே நானும் சொல்றேன்!"

வெங்கலம் முதலில் சிரித்தாள், பிறகு வரிசையே சிரித்தது. கடப்பாரைக்குக் காது சூடேறியது.

"ஆம்பளைக்கும் வரும், ஆனா கம்மி" என்று நர்சம்மா தணிந்து சொன்னாள். "உலகம் பூரா பாத்தா பொம்பளைங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு ரத்தம் குறைச்சல். சின்னப் புள்ளைங்கள்ல பத்துக்கு நாலு. முக்கியமான காரணம் இந்த இரும்பு பத்தாததுதான்."

"உலகத்தையே எண்ணிட்டீங்களா? எங்க கொட்டகை ஆளுங்களையே மேஸ்திரியால ஒழுங்கா எண்ண முடியல. மூணுல ஒருத்திக்கு இருந்தா அது நோயா? அது பொம்பளை உடம்போட வாகு."

"மூணுல ஒரு படகு ஒழுகினா, படகோட வாகுன்னு கடலுக்கு விட்டுடுவீங்களா?"

பதில் வராத இடத்தில் கோபம் வருவதுதான் அவர் வழக்கம். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலையசைத்தால் போவாள். ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் திரும்பி வந்ததைவிட வராததைத்தான் அவர் அதிகம் பார்த்திருந்தார்.

"ஐஸ் பக்கம் போகாம, சூடா எதையாவது குடிச்சிட்டு இரு, சரியாப் போயிடும்" என்றார். "போ, மேசைக்குப் போ."

அவள் போனாள். நர்சம்மா ஏதோ சொல்லச் சொல்ல அவர் காதில் வாங்காமல் நடந்தார்.

மத்தியானத்துக்கு முன், உரித்த இறால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் சரிவுப்பாதையில் ஏறினாள். கடப்பாரை கீழே ஐஸ் வண்டியில் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு பாதி தூரத்தில் நின்றது. பெட்டியை இறக்கியது. அதன் மேலேயே உட்கார்ந்தது. தலை மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. அந்த வழியாக வந்த ஒருவன் அவளைத் தாண்டிப் போக வசதியாகக் காலைத் தூக்கினான்.

"தாண்டாதடா!"

கொட்டகை முழுக்க அந்தக் கத்தல் எதிரொலித்தது. அவர் எப்படி மேலே போனார் என்று அவருக்கே தெரியாது. மகளின் கழுத்து நரம்பு மீனின் செவுள் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மூச்சை வாங்கவில்லை, தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்" என்றாள். அதையும் அவர் பெண்டாட்டி வாயிலிருந்து முன்பே கேட்டிருந்தார்.

வண்டியில் இருந்த பாளத்தைத் தரையில் தள்ளினார். அது உடைந்து சிதறியது. சாக்கை விரித்து மகளை உட்கார வைத்துத் தள்ளத் தொடங்கினார்.

"பெரியவரே, ஐஸ் வண்டியில ஆளை ஏத்தலாமா? முதலாளி பாத்தா..." என்று மேஸ்திரி குறுக்கே வந்தார்.

"இதுவும் உருகிக்கிட்டுத்தான் இருக்கு. தள்ளுய்யா."

மருத்துவ வண்டி இன்னும் வாசலில்தான் நின்றது. நர்சம்மா கதவை மட்டும் திறந்துவிட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மகளின் கையில் ஒரு குழாய் ஏற்றினார்கள். பையில் இருந்த தண்ணீர் பழுப்பு நிறம்.

"என்னம்மா இது, துருப்புடிச்ச குழாய்த் தண்ணி மாதிரி?"

"அதேதான். இரும்பு" என்றாள் வார்டு நர்ஸ். "மாத்திரை போட்டு மெதுவா ஏத்துற நேரம் இல்ல இவங்களுக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரத்தமே ஏத்த வேண்டி வந்திருக்கும்."

பேரப் பிள்ளை அவர் மடியில் இருந்தது. அதன் இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வாண்டுக்கும் சொட்டு மருந்து வேணும்" என்றாள் அவள். அவர் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மருந்துக் குப்பியையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வரிசையாகக் கட்டில்கள். வயிறு பெருத்த பெண்கள், பிள்ளை பெற்ற பெண்கள், பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருத்தி. எல்லா முகங்களும் ஒரே மாதிரி இருந்தன. இவர்களில் ஒருத்தியும் ஐஸ் கொட்டகையில் வேலை செய்தவள் இல்லை. விசாரிக்கக்கூடாது என்று இருந்தும் விசாரித்துவிட்டார். ஒருத்தி தையல்காரி, ஒருத்தி டீச்சர், ஒருத்தி வீட்டில் சும்மா இருப்பவள். "சும்மா எங்க இருக்கேன், அஞ்சு பேருக்கு ஆக்கிப் போடுறேன்" என்றாள் அவள்.

சில நாள் கழித்து, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த உறவுக்காரர்கள் மகளுக்கும் ஒரு பழச்சாறு கொடுத்தார்கள். ஐஸ் மிதந்தது. மகள் கரண்டியால் ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாற்றைக் குடித்தாள்.

"திங்கலையா?" என்றார்.

"வேணாம்பா. வாய் கேக்கல. நினைச்சாலே பல்லு கூசுது. அது எப்படித்தான் தின்னேனோ."

உதட்டில் லேசாக நிறம் வந்திருந்தது. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மூடியில் கிடந்த துண்டுகள் உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நர்சம்மா சொன்னது நிஜமென்றால், ஐஸ் ஒன்றும் செய்யவில்லை. ஐஸ் தின்றது உடம்பு இரும்பு கேட்டுப் போட்ட கூப்பாடு. ஒரு பை துருத் தண்ணீர் போதுமாயிருந்திருக்கும், இவள் அம்மாவுக்கும், அன்றைக்கு... அந்த நினைப்பின் வாசல் வரை போய்விட்டுச் சட்டென்று திரும்பினார். இங்கே ஐஸ் கண்ணில் படுவதில்லை. பழக்கம் விட்டுப்போய்விட்டது. அவ்வளவுதான். வேறென்ன?

மறுநாள் ஐஸ் அறைக்குள் தனியாக நின்றபோது மறுபடியும் கேட்டது.

கறுக். கறுக். ஒரு நிறுத்தம்.

மகள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். கடப்பாரையின் கையிலிருந்த இரும்பு தரையில் விழுந்தது. அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்தது. "ஏ புள்ள" என்று கூப்பிட்டார். குரல் உடைந்து, கேள்வியாக வந்தது. சத்தம் நின்றது. பாளங்களைச் சுற்றிப் போனார். ஒருவருமில்லை. தரையில், கடித்த ஐஸ் துண்டு ஒன்று. பல் பதிந்த தடம் இன்னும் உருகவில்லை. பெட்டிகளை வெளியே தள்ளுகிற சின்னக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

குனிந்து அதன் வழியாகவே வெளியே வந்தார். பெண்கள் துணி மாற்றுகிற அறைக்குப் பின்புற நடைபாதை அது. இந்தப் பக்கம் ஆண்கள் வருவதில்லை. அவரும் வந்ததில்லை. சாப்பாட்டு இடைவேளை, இயந்திரங்கள் நின்றிருந்தன. அந்த அமைதியில் அவருக்குக் கேட்டது ஒரு வாய் மெல்லும் சத்தம் அல்ல. சுவரின் அந்தப் பக்கத்தில் கறுக், இந்தப் பக்கத்தில் கறுக், படிக்குக் கீழே கறுக். மழை பிடிப்பதற்கு முன் தகரத்தில் விழுகிற துளிகள் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

அந்த அறையின் கதவைத் தள்ளினார்.

பெஞ்சு முழுக்க வெள்ளைக் கோட்டுகள். எடை போடுகிறவள், கழுவுகிறவள், நேற்று வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண். கன்னங்கள் புடைத்து நின்றன. ஒருத்தியின் தாடையில் தண்ணீர் வழிந்தது. ஒருத்திகூட மெல்லவில்லை, ஒருத்திகூட விழுங்கவில்லை. ஒரே பெண்ணைப் பல கண்ணாடிகளில் பார்ப்பது போல இருந்தது அவருக்கு. ஒன்றாக இருந்தால் பேய் என்று பயந்துவிட்டுப் போகலாம். இத்தனை பேரை என்ன செய்வது?

வெங்கலம்தான் முதலில் விழுங்கினாள். "திட்டாதீங்க பெரியவரே. வாய் கேக்குது, என்ன பண்றது?" அவள் குரல் அன்றைக்கு எழும்பவேயில்லை.

திட்டுவதற்கு அவர் வாய் திறந்தது.

"உங்க மகளுக்கு எப்படி இருக்கு?" என்று எடை போடுகிறவள் கேட்டாள்.

"இருக்கா." பிறகு யாரோ பிடுங்கி எடுப்பது போலச் சொன்னார்: "அவளுக்கு வாய் கேக்கலையாம்."

சின்னப் பெண் எழுந்து போய், வாயிலிருந்த ஐஸைத் தொட்டியில் துப்பினாள். "நர்சம்மா வண்டி இன்னைக்கு மறுபடியும் வருதில்லக்கா?" என்றாள்.

"வாசல்லதான் நிக்குது" என்றாள் வெங்கலம். பெஞ்சு காலியாகத் தொடங்கியது.

"போங்க போங்க" என்றார் கடப்பாரை, பின்னாலேயே நடந்துகொண்டு. "துருத் தண்ணிக்கு வரிசைல நில்லுங்க. காதுல நல்லா பூ சுத்துவாங்க. அத்தனை பேர் ரத்தத்தையும் குடிச்சது இந்தக் கொட்டகை ஐஸு, அதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாயில்ல."

வெங்கலம் திரும்பி நின்றாள். "அப்புறம் ஏன் பெரியவரே அன்னைக்கு மகளைத் தள்ளிக்கிட்டு அப்படி ஓடினீங்க?"

"பயந்து ஓடினேன். நம்பி ஓடல."

அவள் வரிசையில் போய் நின்றாள். வெயிலில் வெள்ளைக் கோட்டுகள் வாசலைத் தாண்டித் தெருவரை நீண்டன. முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொருத்தியும் அவர் பெண்டாட்டியாகவே இருந்தாள். முகம் திரும்பிவிடுமோ என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வரிசையைச் சுற்றிக்கொண்டு, மூணுல ஒருத்தியாம், உலகத்தையே எண்ணிட்டாளாம் என்று முணுமுணுத்தபடி, சுவரோரமாகவே நடந்து போனார்.